ஒரு முழம் மிச்ச நூல்

கஸ்தூரி என் தறியில் இருந்த பாவு நூலை அறுத்துவிட்டாள் என்று எனக்குத் தெரியவந்த நாளின் காலையில், ஒரே மூச்சில் என்னால் பதினான்கு வரைதான் எண்ண முடிந்தது. மறுநாள் காலையில் பத்தொன்பது வரை எண்ணினேன். இடையில் செய்த வைத்தியத்தால்தான் அது என்று டாக்டர் சொன்னார். அவர் படித்தவர், சொல்லட்டும். எனக்கு எது ஏறியது என்று எனக்குத் தெரியும்.

இதை எழுதச் சொன்னவர் ஜெயசீலி மேடம். எனக்கு நடக்கப் பயிற்சி கொடுத்தவர். இதே நோயோடு வருகிறவர்கள் பயந்தே பாதி செத்துவிடுகிறார்கள், நீங்கள் எழுந்து நடந்ததைப் படித்தால் தைரியம் வரும், நல்லபடியாக நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்றார். நல்லபடியாக எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன், தைரியம் வருகிறவர்களுக்கு வரட்டும்.

நான் ஆரணிக்காரி. பெயர் தனலட்சுமி, தனம் என்பார்கள். சேவூர்ப் பக்கம் வீடு. ஒரே கூடத்தில் இரண்டு பட்டுத்தறி. ஜன்னலோரத் தறி என்னுடையது. உள்சுவர் ஓரமாக இருப்பது கஸ்தூரியுடையது. அவள் என் கணவரின் அண்ணன் மனைவி, எனக்கு ஓரகத்தி. நேரில் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இங்கே பெயர் சொல்லித்தான் எழுதப்போகிறேன், அந்த மரியாதை போதும். அவள் வீட்டுக்காரர் சென்னையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார், மாதம் ஒருமுறை வருவார். அவர்களுக்கு ஒரே பெண், வெண்ணிலா. எனக்குப் பிள்ளை இல்லை. வெண்ணிலா சாப்பிட்டது, தூங்கியது, சண்டை போட்டது எல்லாம் என்னோடுதான்.

ஜன்னலோர இடத்தின் மேல் கஸ்தூரிக்கு நான் வாழவந்த நாளிலிருந்தே கண். நான் கோர்வைப் புடவை நெய்கிறவள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்கிற வேலை அது. வெளிச்சம் இல்லாமல் நடக்காது. அதனால் மாமனார் அந்த இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கஸ்தூரிக்குக் கோர்வை வராது. ஆனால் வாரத்துக்கு ஒரு தடவையாவது, "வெளிச்சமெல்லாம் உனக்கு, இருட்டெல்லாம் எனக்கு" என்று சொல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி மாதம் எனக்கு நோய் வந்தது. ஒரு கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நாலு நாள் வயிற்றுப்போக்கு. அது சரியாகிப் பத்து நாள் இருக்கும், உள்ளங்காலில் எறும்பு ஊர ஆரம்பித்தது. குழித்தறிக்காரிக்குக் கால் மரத்துப்போவது ஒரு நோயா? குழியில் காலைத் தொங்கவிட்டு, அடியில் இருக்கிற மிதியை நாள் முழுக்க மாற்றி மாற்றி மிதிக்கிறோம். மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஊறும், கால் விறைக்கும். வழக்கம்போல ஒரு சட்டியில் கரி நெருப்பைப் போட்டுக் குழிக்குள் இறக்கச் சொன்னேன். எறும்பு முழங்காலுக்கு ஏறியது.

மறுநாள் மிதி கீழே இறங்க மறுத்தது. மிதியில் கட்டியிருக்கிற கயிறு ஈரத்தில் இழுத்துக்கொண்டது என்று நினைத்தேன். அவரைக் கூப்பிட்டுத் தளர்த்தச் சொன்னேன்.

"கயிறு லூசாத்தான் கீது தனம். இன்னும் தளர்த்துனா மிதி தரையில இடிக்கும்."

"நெய்யிறது நானா நீங்களா? தளர்த்துங்க."

மூன்று தடவை தளர்த்தினார். என் கால் செயலிழந்துகொண்டிருந்தது, நான் கயிற்றைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு முழு நாள் இப்படிப் போனது. தறிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், கால் மரத்தால் எழுந்து நாலு எட்டு நடந்து பாருங்கள். நடந்தும் மரமரப்புப் போகவில்லை என்றால் கயிற்றின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

அன்று சாயங்காலம் குழியிலிருந்து என்னால் ஏற முடியவில்லை. அவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். ஊர் டாக்டர் சத்துக் குறைவு என்று ஊசி போட்டார். விடிந்தபோது நிற்க முடியவில்லை. காப்பி டம்ளர் கையிலிருந்து நழுவி மடியில் கொட்டியது. சூடு தெரிந்தது, கையை நகர்த்தத்தான் முடியவில்லை. பக்கத்து வீட்டு வேனில் படுக்கவைத்து வேலூருக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே ஓர் இளவயது டாக்டர் சின்ன ரப்பர் சுத்தியலால் என் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் துள்ள வேண்டும், துள்ளவில்லை. இரண்டு காலிலும் தட்டிவிட்டு, "சமீபத்துல வயிறு கெட்டுச்சாம்மா?" என்று கேட்டார். காலுக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகுதான் தெரிந்தது அவர் அப்போதே கண்டுபிடித்துவிட்டார் என்று. உறுதி செய்யத்தான் மற்ற சோதனைகள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை மார்போடு மடக்கி, முதுகுத்தண்டில் ஊசி இறக்கித் துளித்துளியாக நீர் எடுத்தார்கள். வலியைவிட அசையக் கூடாது என்பதுதான் கஷ்டம். அடுத்து நரம்புச் சோதனை. காலில் ஓர் இடத்தில் சுரீர் என்று மின்சாரம் வைத்து, அது நரம்பு வழியாக எவ்வளவு வேகத்தில் போகிறது என்று திரையில் பார்ப்பார்கள். என்னுடையது ஊர்ந்து போனது.

நோயின் பெயர் கில்லன்-பாரே. டாக்டர் கட்டிலோரம் உட்கார்ந்து புரியும்படி சொன்னார்.

"உங்க உடம்புக்குள்ள ஒரு காவல் இருக்கும்மா. வயித்துல வந்த கிருமியை அது அடிச்சு விரட்டிடுச்சு. அடிச்ச வேகத்துல ஆள் தெரியாம உங்க நரம்பையே அடிக்க ஆரம்பிச்சிடுச்சு. கரண்டு வயருக்கு மேல உறை இருக்கும்ல, அந்த மாதிரி நரம்பு மேல இருக்கிற உறை பிஞ்சு போச்சு."

"அப்போ வெளியாளு இல்ல. சொந்த வீட்டு ஆளே அடிக்குது."

"அப்படித்தான் வச்சுக்கோங்க."

பெரும்பாலானவர்கள் எழுந்துவிடுவார்கள், ஆனால் மாதக்கணக்கில் ஆகும் என்றார். இப்போதைக்குப் பயம் காலைப் பற்றி இல்லை. காலில் தொடங்கியது மேலே ஏறி மார்புக்குப் போனால் மூச்சு விடுகிற தசையும் நின்றுவிடும், அப்போது தொண்டையில் குழாய் போட்டு இயந்திரத்தில் வைக்க வேண்டும். அதைக் கண்காணிக்க ஒரு சுலபமான வழி வைத்திருந்தார்கள். மூச்சை நன்றாக இழுத்து, நடுவில் மூச்சு வாங்காமல் ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். எது வரை போகிறதோ அதுதான் கணக்கு. தினமும் காலையிலும் மாலையிலும் எண்ணவைத்தார்கள்.

முதல் நாள் இருபத்தாறு. இரண்டாம் நாள் இருபத்து மூன்று. அப்புறம் இருபது. என் கணவர் கட்டில் பக்கத்தில் நின்று என்னோடு வாய்க்குள் எண்ணுவார். நான் நின்றுவிட்ட பிறகும் அவர் உதடு இரண்டு எண் தள்ளிப் போகும். நர்ஸ் ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டு, "சார், உங்களுதை எழுத மாட்டோம்" என்றாள். அவர் வெட்கப்பட்டு வெளியே போனார். அந்த மனுஷன்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த வாரத்தில் கரைந்தது. பிறகு கொஞ்சம் திரும்பி வந்தது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

வைத்தியம் இதுதான். ரத்தத்தைக் குழாய் வழியாக வெளியே எடுத்து, ஓர் இயந்திரத்தில் அதன் நீரை மட்டும் பிரித்துக் கொட்டிவிட்டு, புது நீர் சேர்த்துத் திருப்பி உள்ளே விடுவார்கள். நரம்பை அடிக்கிற காவல் அந்த நீரில்தான் இருக்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்து தடவை. பில்லைப் பார்த்ததும் அவர் என் வளையலையும் செயினையும் கொண்டுபோய் விற்றார், மஞ்சள் கயிறு மட்டும் கழுத்தில் இருந்தது. ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்றதும் எங்கள் தெருவிலிருந்து எட்டுப் பேர் முதல் பஸ்ஸில் வந்து நின்றார்கள். ஒருநாள் தறியை நிறுத்திவிட்டு வந்தவர்கள். அவர்கள் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்கட்டும். அதே பஸ்ஸில்தான் கஸ்தூரியும் வந்தாள். அவளுக்கு ரத்தத்தைக் கண்டால் மயக்கம் வருமாம்.

அது ஐந்தாம் நாள். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து என் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். அழுத்திப் பார்த்தாள். "கட்டை மாதிரி கீதே" என்று பக்கத்துக் கட்டில்காரிக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "எங்க தெருவுலயே இவள மாதிரி நெய்ய ஆளு கெடையாது. இனிமே தறியில எங்க உக்காரப் போறா" என்றாள். எனக்கு முகத்துத் தசையும் தளர்ந்திருந்த நேரம். கண்ணை முழுக்க மூட முடியாது, சிரிக்க முடியாது, காறித் துப்பவும் முடியாது. படுத்தபடி அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கண்ணில் ஈரமே இல்லை.

எட்டாம் நாள் காலையில்தான் பதினான்கு. டாக்டர் நர்ஸிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். மூச்சு இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். நான் செத்துப்போவேன் என்று அன்றுதான் நிஜமாகவே நினைத்தேன். எனக்குப் பயமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், மிகவும் பயமாக இருந்தது.

மத்தியானம் வெண்ணிலா வந்தாள். பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்த சமயம். என் தலை எட்டு நாளாகச் சீவாமல் சடைபிடித்துக் கிடந்தது. தேங்காயெண்ணெய் தொட்டுத் தொட்டுச் சிக்கெடுத்துக்கொண்டே இருந்தவள், திடீரென்று சொன்னாள்.

"சித்தி, ஒண்ணு சொல்லுவேன், நீ டென்ஷன் ஆவக் கூடாது."

"சொல்லு."

"அம்மா உன் தறியில உக்காந்து நெய்ஞ்சிகினு கீறாங்க."

"என் பாவு?"

"நேத்து அறுத்துட்டாங்க. பாதிப் பொடவையோட சுருட்டி, பட்டு குடுத்த மொதலாளிகிட்ட திருப்பிக் குடுத்துட்டாங்க."

"மிச்சம் விட்டாளா?"

சீப்பு நின்றது.

மிச்சம் என்றால் என்ன என்று வெளியாட்களுக்குச் சொல்ல வேண்டும். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஏற்றியிருக்கிற நூல். ஐயாயிரத்துக்குக் கிட்ட இழை இருக்கும். ஒவ்வொரு இழையும் முதலில் விழுது என்கிற நூல் கண்ணுக்குள் புகுந்து, பிறகு அச்சு என்கிற சீப்புக்குள் புகுந்து வரும். பாவு தீர்ந்தாலும், பாதியில் அறுக்க நேர்ந்தாலும், விழுதிலும் அச்சிலும் கோத்தபடியே ஒரு முழம் நூலை மிச்சம் விடுவோம். புதுப் பாவின் இழைகளை அந்த மிச்சத்தோடு ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைத்து இழுத்தால் தறி தயார். கை முறிந்து ஒரு வருஷம் படுத்தவன் தறியிலும் அந்த மிச்சம் அப்படியே இருக்கும். தறி அவனுக்காகக் காத்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். எங்கள் தெருவில் மிச்சத்தையும் உருவி எடுப்பது, நெய்தவர் செத்து, காரியம் முடிந்த பிறகுதான்.

நான் எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். கஸ்தூரி எனக்குக் காரியத்தை முடித்துவிட்டாள். தன் அச்சையும் விழுதையும் என் ஜன்னலோரத் தறியில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் கணவரிடம் கேட்டேன். குரல் சன்னமாகத்தான் வந்தது. "அண்ணி கேட்டாங்க தனம், தறி சும்மாதானே கீது, நான் பாத்துக்கறேன்னு. டாக்டரு அப்பத்தான் மூச்சு மிஷினைப் பத்திச் சொல்லியிருந்தாரு. எனக்கு ஒண்ணும் ஓடல. தலைய ஆட்டிட்டேன்" என்றார். இதுதான் திரும்பி வந்த கோபம். அன்று மூன்றாவது தடவை ரத்த நீர் மாற்றினார்கள். அந்த மூன்று மணி நேரமும் நான் கூரையைப் பார்த்துக்கொண்டு ஒன்றே ஒன்றைத்தான் கறுவிக்கொண்டிருந்தேன். உன்னை அந்தக் குழியிலிருந்து எழுப்பாமல் நான் சாகமாட்டேன்டி. மறுநாள் பத்தொன்பது. அதற்கடுத்த நாள் இருபத்தொன்று. இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

நாலாவது வாரம் பயிற்சிப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கேதான் ஜெயசீலி மேடம். என்னைவிட வயதில் சின்னவர், குரலில் அதட்டல். ஒரு நோட்டைக் கொண்டுவந்து, பக்கத்தின் நடுவில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டார். கோட்டுக்கு இடப்பக்கம் இலக்கு, வலப்பக்கம் எண்ணம்.

"இலக்குன்னா எங்க போய்ச் சேரணும், எப்போன்னு. எண்ணம்னா, போற வழியில தினம் தினம் எப்படி இருக்கப்போறீங்கன்னு. இலக்கு தள்ளிப்போகலாம், அது நரம்போட இஷ்டம். எண்ணம் உங்க இஷ்டம். வெறும் இலக்கை மட்டும் வச்சிருக்கிறவங்க ஒரு தேதி தவறினா உடைஞ்சுபோயிடறாங்க தனம்மா. அதனால ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வேணும்."

என் விரலுக்குப் பேனா நிற்காது. நான் சொல்ல அவர் எழுதினார். இந்த வாரக் கடைசிக்குள் சாயாமல் உட்காருவது. பொங்கலுக்குள் நிற்பது. ஆடிக்குள் தறிக்குழியில் இறங்குவது.

"ஆடியா? கொஞ்சம் சீக்கிரம்தான். பரவாயில்ல, போடறேன். இப்போ வலப்பக்கம் சொல்லுங்க."

"கஸ்தூரி நாசமாப் போவணும்."

அதை அப்படியே எழுதிவிட்டு நிமிர்ந்தார். "யார் கஸ்தூரி?"

சொன்னேன். ஜன்னல், பாவு, மிச்சம், ஹார்லிக்ஸ் பாட்டில் எல்லாம் சொன்னேன். நடுவில் மூச்சு வாங்க நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவர் கடைசி வரை கேட்டுவிட்டு அந்த வரியை அடித்தார்.

"இது எண்ணம் இல்ல தனம்மா. இதை நீங்க செய்ய முடியாது, யாரோ செஞ்சு தரணும். இன்னொண்ணு, எண்ணத்துல அடுத்தவங்க பேர் வரக் கூடாது. வந்தா சாவி அவங்க கைக்குப் போயிடும்."

"மன்னிச்சிடணும்னு எழுதப் போறீங்களா?"

"நான் எதுக்கு எழுதறேன்? உங்க பக்கம் இது. இன்னிக்கே, இந்தக் கட்டில்ல படுத்துகிட்டே செய்யற மாதிரி ஒண்ணு சொல்லுங்க."

"நான் எதையும் மறக்க மாட்டேன்" என்றேன்.

"சரி. அப்புறம்?"

"என் இடத்த யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்."

இரண்டையும் எழுதினார். மன்னிப்பு, சாந்தி என்று ஏதாவது சேர்க்கச் சொல்வார் என்று பார்த்தேன், சொல்லவில்லை. நோட்டைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, "இன்னிக்கு ரெண்டையும் செய்ங்க. நாளைக்கு கேப்பேன்" என்று போய்விட்டார்.

மறுநாள் கேட்டார். அதற்கடுத்த நாளும் கேட்டார். ஒரு மாதம் தினமும் கேட்டார். கட்டில் காலில் ஒரு பலகையைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டு அதைப் பாதத்தால் அழுத்தச் சொன்னபோது, ஒன்று போதாது, இரண்டு கட்டுங்கள் என்றேன். தறியில் மிதி இரண்டு. வலது, இடது, வலது, இடது. முதல் வாரம் பலகை அசையவில்லை. அசையாத பலகையை ஒரு நாளைக்கு இருநூறு தடவை மிதித்தேன். ஒவ்வொரு மிதிக்கும் யாரை நினைத்தேன் என்று மேடத்துக்குத் தெரியும், ஆனால் எழுதிய எண்ணத்தில் பெயர் இல்லை. ஒருநாள் வலது பலகை ஒரு விரற்கடை இறங்கியது. பக்கத்துக் கட்டில்காரியின் மகன் கைதட்டினான். என் கணவர் வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தார்.

பொங்கலுக்குள் நிற்க முடியவில்லை. மாசியில்தான் நின்றேன், அதுவும் கம்பியைப் பிடித்துக்கொண்டு. தேதி தவறியபோது நான் உடையவில்லை. வலப்பக்கத்தில் ஒரு நாளும் தவறவில்லையே.

நடைச்சட்டத்தோடு வீட்டுக்குத் திரும்பிய அன்று கஸ்தூரிதான் ஆரத்தி சுற்றினாள். என் கட்டிலைக் கூடத்தில் போட்டிருந்தார்கள், ஜன்னலோரத் தறிக்கு எட்டடி தள்ளி. அவள் அதில் உட்கார்ந்து நெய்தாள், நான் கட்டிலில் உட்கார்ந்து அவளைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள், ஒருவாரம் இல்லை, மாதக்கணக்கில். கீழே இழை அறுந்து அவள் கவனிக்காமல் போவதைப் பார்ப்பேன். எழுந்து சட்டத்தை ஊன்றி அவள் பக்கத்தில் போய் நின்று, ஜன்னலைப் பார்ப்பேன், திரும்பி வருவேன். நடைப்பயிற்சிக்கு அதுதான் என் வழி.

"இன்னாடி, எப்பப் பாத்தாலும் என்னையே பாத்துகினு கீற? பேஜாரா கீது" என்றாள் ஒருநாள்.

"டாக்டரு சொல்லிக் கீறாரு அக்கா. கண்ண மூட முடியாம இருந்ததுல்ல, ஒரே எடத்த பாத்துப் பழகணுமாம்."

குறுக்கு நூல் ஓட்டுகிற அவள் கைநாடா அன்று இரண்டு தடவை தவறி விழுந்தது. எனக்கு மத்தியானச் சோறு ருசியாக இருந்தது.

ஆடியில் கைத்தடியோடு நடந்தேன். கால் தயார், குழியில் கஸ்தூரி இருந்தாள். போய்க் கேட்டு வாங்க எனக்கு மனசில்லை. கேட்டால் கொடுத்ததாக ஆகிவிடும். காத்திருந்தேன்.

ஆவணியில் வெண்ணிலாவுக்கு வந்தவாசியில் மாப்பிள்ளை முடிவானது, தை மாதம் கல்யாணம். எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு முகூர்த்தப் புடவை எங்கள் தறியில்தான் நெய்வோம், கடையில் எடுப்பது கேவலம். வெண்ணிலா கோர்வைதான் வேண்டும் என்றாள். அதுவும் சித்தி நெய்ததுதான் வேண்டும், இல்லையென்றால் நைலக்ஸ் கட்டிக்கொண்டு மணையில் உட்காருவேன் என்று ஆத்தாளுக்கு முன்னால் சொன்னாள். ஆஸ்பத்திரி நோட்டை அவள் ஒருநாள் புரட்டியிருக்கிறாள். அடித்த கோட்டுக்கு அடியில் அவள் அம்மா பெயர் இருந்ததைப் படித்தும் இருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கழற்றிப் போட்டிருந்த என் அச்சையும் விழுதையும் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் பத்திரமாக வைத்திருந்தது அவள்தான்.

கஸ்தூரி காப்பியோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். "புள்ள ஆசப்படுது தனம். உன்னால முடிஞ்சா."

"முடியும் அக்கா. ஜன்னல் தறியிலதான் முடியும்."

"தர்றேன்."

"நீ இன்னா தர்றது? அது என்னுது. அச்சு மொட்டையா கீது, மிச்சம் இல்ல. ஒவ்வொரு இழையா புதுசா கோக்கணும். பின்னால உக்காந்து இழை எடுத்துக் குடுக்க ஓர் ஆளு வேணும்."

"எதிர் வீட்டுப் பொண்ணக் கூப்பிடலாம்."

"எதிர் வீட்டுப் பொண்ணு அறுக்கல."

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து என் கணவர், "விடேன் தனம்" என்றார். நான் விடவில்லை. கடைசி இழை வரைக்கும் நீதான் குடுக்கணும், நடுவுல ஆள் மாத்தக் கூடாது என்றேன். கஸ்தூரி மகளைப் பார்த்தாள். வெண்ணிலா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பட்டு வாங்கிப் பாவு போட்டு முடிய ஐப்பசி ஆனது. முதல் காரியமாக அவள் அச்சையும் விழுதையும் என் தறியிலிருந்து எடுக்க வேண்டும். அதை நானே செய்தேன். இரண்டு பக்கமும் ஒரு முழம் விட்டு அறுத்து, மிச்ச நூல் கலையாமல் குச்சி செருகி, முடிச்சுப் போட்டு, துணியில் சுற்றினேன். ஓர் இழைகூட உருவவில்லை. அரை மணி நேர வேலைதான். கொண்டுபோய் அவள் மடியில் வைத்தேன்.

"இப்படித்தான் எடுக்கணும் அக்கா" என்றேன்.

அவளுக்கு முகம் செத்துப்போனது. இருபது வருஷமாக நெய்கிறவளுக்கு இது தெரியாதா? தெரிந்துதான் செய்தாள். தெரிந்துதான் செய்தாள் என்பது எனக்குத் தெரியும் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குழியில் காலை இறக்கினேன். சரியாக ஒரு வருஷம் ஆகியிருந்தது, அதே ஐப்பசி ஈரம். பாதம் மிதியைத் தேடித் தொட்டது. அழுத்தினேன், இறங்கியது. அவர் தளர்த்திய கயிற்றை மறுபடி இறுக்கிக் கட்டச் சொன்னேன்.

கஸ்தூரி பாவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தாள். ஓர் இழையை எடுத்து விழுதின் கண்ணுக்கு நேரே நீட்ட வேண்டும், நான் முன்னாலிருந்து வாங்கி உள்ளே இழுத்து அச்சில் கோக்க வேண்டும். அடுத்த இழை. அடுத்த இழை. கண்ணை எடுக்க முடியாது. குனிந்த முதுகை நிமிர்த்த முடியாது. முதல் நாள் ஊர்ப்பேச்சு பேசிப் பார்த்தாள், நான் அடுத்த இழையைக் கேட்டேன். இரண்டாம் நாள் முதுகு வலிக்கிறது என்றாள். எனக்கு முதுகில் ஊசி இறக்கியதைச் சொன்னேன். அசையக் கூடாது என்பதையும் சொன்னேன். அப்புறம் அவள் வலியைப் பற்றிப் பேசவில்லை. என் விரல் இன்னும் முழுசாகத் திரும்பாத சமயம். பட்டிழை நழுவும், திரும்ப நீட்டச் சொல்வேன். நழுவாதபோதும் ஒன்றிரண்டு தடவை திரும்ப நீட்டச் சொன்னேன். பொய் எழுதக் கூடாது.

மூன்றாம் நாள் மத்தியானம் உடல் இழைகள் முடிந்தன. ஜன்னல் வெளிச்சம் நேராக என் மடியில் விழுந்தது. பின்பக்கத்திலிருந்து இழை வரவில்லை. எட்டிப் பார்த்தேன். கஸ்தூரி இழையை விரலில் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள். இந்த முறை கண்ணில் ஈரம் இருந்தது.

"நீ திரும்பி வரமாட்டன்னு நெனச்சிட்டேன் தனம். அந்த வெளிச்சத்துல ஒரு நாளாவது உக்காரணும்னு இருந்துச்சு. தப்புதான். என்ன மன்னிச்சிடு."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இதைத்தான் ஆயிரம் தடவை கேட்டிருந்தேன், அவள் குரலில், இதே வார்த்தைகளில். கேட்டதும் நெஞ்சு குளிரும் என்று நினைத்திருந்தேன். குளிர்ந்தது. நன்றாகவே குளிர்ந்தது. அவள் விரலில் இழை அறுத்த கோடு சிவப்பாக இருந்ததையும் பார்த்தேன்.

குழிக்குள் என் இரண்டு காலும் மிதியின் மேல் இருந்தன. கையை நீட்டினேன்.

"இன்னும் கரை பாக்கி கீது" என்றேன். "குடு."

எடுத்துக் கொடுத்தாள்.